கதிரைத் தட்டில் இல்லாத பாட்டு

1

என் அறுபத்தாறாவது பிறந்தநாளுக்கு மகள் அபி ஓர் இசைத்தட்டு வாங்கித் தந்தாள். ஐம்பதாவது ஆண்டு நிறைவுப் பதிப்பு என்று உறையில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர். உறைப்படத்தில் மழையில் நனைந்த ரயில் மேடை. மேடையில் ஆளில்லாத ஒரு மரக்கதிரை, மர நாற்காலி. நான்கு ஆங்கிலேயர்கள் கிற்றாரும் ட்ரம்ஸுமாகப் பாடிய ரொக் இசைத்தட்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் இதை யாரும் அதன் ஆங்கிலப் பெயரால் சொன்னதில்லை. கதிரைத் தட்டு என்போம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அபியின் வீடு கோலியர்ஸ் வுட்டில், என் ஃபிளாட்டிலிருந்து ஒன்பது நிமிட நடை. மருந்தாளராக வேலை செய்கிறாள். தட்டுச் சுழற்றும் பெட்டி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறாள். கைத்தொலைபேசியில் சும்மா கேட்கக்கூடியதை அவளுடைய வயதுக்காரர்கள் இப்போது தட்டாக வாங்கி அடுக்குகிறார்கள். குறையாகச் சொல்லவில்லை, பார்த்ததை எழுதுகிறேன்.

முதற் பக்கத்தைப் போட்டாள். லண்டனுக்கு வந்த பிறகு நான் இந்தத் தட்டை முழுதாகக் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. ஒவ்வொரு பாட்டும் முடிகிற விதமும், அடுத்தது தொடங்குமுன் வருகிற ஒரு மூச்சளவு இடைவெளியும் தலைக்குள் இருந்தன. நான்காவது பாட்டு முடிந்தது. நான் ஐந்தாவதற்குக் காத்திருந்தேன். ஊசி நடுவட்டத்துக்குப் போய் டிக், டிக் என்றது. அபி கையை நீட்டி அதைத் தூக்கினாள்.

"பொறு. இன்னொண்டு இருக்கு."

"இல்லை அப்பா. இந்தப் பக்கம் முடிந்துவிட்டது."

அபி பேசுவது ஆங்கிலம். நான் தமிழில் எழுதுகிறேன். 'அப்பா' என்பது மட்டும் அவளுடைய சொல்.

"அஞ்சு பாட்டு. கடைசிப் பாட்டுத்தான் இதில திறம்."

உறையைத் திருப்பிக் காட்டினாள். நான்கு. தொலைபேசியில் தேடினாள். நான்கு. புதுப் பதிப்பில் வெட்டிவிட்டார்கள் என்றேன். முதற் பதிப்பின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். நான்கு. பிறகு நான் அந்தப் பாட்டைப் பாடியே காட்டினேன், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். மூடிய கடைவாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்கும் ஒருவர், கடல்நீர்க் களப்புக்கு அப்பால் போகும் மெயில் ரயிலின் சத்தத்தைக் கேட்கிறார். அவ்வளவுதான் பாட்டு. பேத்தி மீராவுக்கு ஆறு வயது. அவள் கைதட்டி, "அம்மப்பா இதை இப்ப இட்டுக்கட்டினார்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அபி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். மருந்துக் கடைக்கு வரும் முதியவர்களை அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

2

அவளிடம் ஏற்கெனவே இரண்டு சம்பவங்கள் இருந்தன. போன மாதம், ஆசிரியர்களுக்கு மட்டும் பள்ளிக்கூடமுள்ள நாளில் நான் மீராவைக் கூட்டிவரப் போய், பூட்டிய வாசலில் இருபது நிமிடம் நின்றேன். அதற்கு முன்னர் மீராவை இரண்டு தடவை என் மனைவியின் பெயரால் கூப்பிட்டிருந்தேன். மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. நான் வேலை செய்த பத்திரிகையில் செய்தி ஆசிரியர் ஒரே மாதிரியான மூன்றாவது சம்பவம் வரும்வரை காத்திருப்பார்; வந்ததும் மூன்றையும் சேர்த்துப் பெட்டிச் செய்தியாகப் போடுவார். பாட்டு மூன்றாவது.

குடும்ப மருத்துவரிடம் அபிதான் நேரம் எடுத்தாள். தாதி நல்ல பெண். இன்று என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டாள். இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னாள். மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னபோது, "தமிழ் மாதங்களா, ஆங்கில மாதங்களா?" என்று கேட்டேன். தாதி சிரித்தாள். அபி நிலத்தைப் பார்த்தாள். தொடக்கத்தில் ஒரு பெயரையும் முகவரியையும் சொல்லி, நினைவில் வைத்திருங்கள், பிறகு கேட்பேன் என்றிருந்தாள். பிறகு கேட்டாள். வீட்டு இலக்கம் நாற்பத்திரண்டு என்பதற்கு இருபத்துநான்கு என்று சொன்னேன்.

ஊரில் ஏழு வருடம் பத்திரிகையில் பிழை திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான். இந்த நகரத்தில் இருபத்திரண்டு வருடம் தபால் பிரிக்கும் நிலையத்தில் முகவரி பார்த்து நின்றவன். இரண்டு தொழிலிலும் இந்தப் பிழைக்கு மன்னிப்புக் கிடையாது.

நினைவாற்றல் மருத்துவப் பிரிவுக்கு எழுதுவார்கள், கடிதம் வரப் பல வாரம் ஆகும் என்றார்கள். வெளியே வந்ததும் அபி சொன்னாள்: "அதுவரைக்கும் மீராவைப் பள்ளிக்கூடத்திலேயே பின்நேர வகுப்பில் விடுகிறேன் அப்பா. தற்காலிகமாகத்தான்."

நான் மீராவைக் கூட்டிவருவது திங்கள், புதன், வெள்ளி, மூன்றேகால் மணி. அதுதான் என் வாரம். மற்ற நாட்கள் அவற்றுக்கு இடையில் கிடப்பவை. பிள்ளைகளைக் கூட்டிச் செல்லக்கூடியவர்களின் பட்டியல் ஒன்று பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல். அபி அன்றே தொலைபேசி எடுத்துப் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த நாட்டில் வதிவிட உரிமை பெற்றவர்களின் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க ஏழு வருடம் பிடித்தது.

"அந்தப் பாட்டு இருக்கெண்டு நிரூபிச்சால்?"

"இது பாட்டைப் பற்றியது இல்லை அப்பா."

"அப்ப எதைப் பற்றி?"

"இல்லாத ஒன்றை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்களே, அதைப் பற்றி."

பஸ் தரிப்புவரை நடந்தோம். அங்கே அவள், "சரி. கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்தால் நானே பள்ளிக்குத் தொலைபேசி எடுத்து உங்கள் பெயரை மறுபடி சேர்க்கச் சொல்கிறேன்," என்றாள். நான் கண்டுபிடிக்கமாட்டேன் என்ற நம்பிக்கையில் சொன்னது. ஆனாலும் வாக்கு வாக்குத்தான்.

3

றெக்கோடிங் பார் என்றால் என்னவென்று இப்போது இளையவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இசைத்தட்டு வாங்கும் வசதி எங்கள் ஊரில் பத்துப் பேருக்கும் இருக்கவில்லை. கடைக்காரர் ஒரு தட்டை எடுப்பித்து வைத்திருப்பார். நாங்கள் வெறும் கசெற் கொண்டுபோய்க் கொடுத்து, கடைக் கொப்பியில் தட்டின் இலக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு வருவோம். மூன்றாம் நாள் போனால் பாட்டு ஏறியிருக்கும்.

நான் போன கடை ஞானம் அண்ணையுடையது. சந்தைக்குப் பின்பக்கம், தையல்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், ஆறடி அகலம். தட்டு உறைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் முன்பக்கம் தெரியக் குத்தி வைத்திருப்பார். பின்பக்கத்தை எவரும் பார்த்ததில்லை. தட்டைத் தொட விடவே மாட்டார். "கை எண்ணெய்," என்பார். அன்றைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாலும் அதுதான் பதில்.

அவருக்கு ஒரு தொழில் விதி இருந்தது. கசெற்றில் வெறும் இடம் விடக்கூடாது. ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் ஓடும். தட்டின் ஒரு பக்கம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச இடத்தைக் கையில் அகப்பட்ட ஏதாவது ஒன்றால் நிரப்பித் தருவார். சனம் அப்படி எதிர்பார்த்தது. ஆங்கிலப் பாட்டின் வாலில் ஒரு பைலா ஆட்டப்பாட்டு வரும். பக்திப் பாட்டின் வாலில் டிஸ்கோ வந்து ஒரு கோயில் தர்மகர்த்தா சண்டைக்குப் போனதாகவும் கதை உண்டு. எங்களுக்கு வால் எது, உடம்பு எது என்று கேட்டவுடனே தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்திருந்தோம்.

கதிரைத் தட்டை நான் பதிந்தது பத்திரிகையில் சேர்ந்த இரண்டாம் வருடம். ஐந்தாவது பாட்டில் ட்ரம்ஸ் இல்லை. ஒரு கிற்றார், தணிந்த ஒரு குரல். மற்றப் பாட்டுகளில் அந்த நால்வரும் சாமான்களைப் போட்டு உடைத்தார்கள். இதில் ஒருவர் மட்டும் எல்லாரும் போன பிறகு கூட்டித் துடைப்பதுபோல் இருந்தது. ஞாயிறு இதழில் அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். எழுதியதில் ஒரு வரி இப்போதும் நினைவிருக்கிறது. வருத்தத்துடன்தான் நினைவிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

4

தேடுதல் இப்படிப் போனது.

முதலில், அந்தக் குழுவின் ரசிகர்கள் கூடும் இணையத்தளத்தில் கேட்டேன். மூன்று மணிநேரத்தில் ஒன்பது பதில்கள். நல்ல மரியாதை. எந்த நாட்டு அச்சிலும் அப்படி ஒரு பாட்டு இல்லை என்று ஒருவர் பட்டியலே போட்டார். இன்னொருவர், அந்தக் குழுவில் யாரும் களப்பைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள் என்று எழுதினார்.

அந்தக் கடைசி வரி என்னைத் தொந்தரவு செய்தது. களப்பு. லண்டனுக்கு வந்த புதிதில் நான் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தபோது, கூட வேலை செய்த வெள்ளைக்காரரிடம், இந்த ஊரில் களப்பு எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறேன். என் உச்சரிப்பில் அதை ஏதோ சாமான் என்று எண்ணிய அவர், கடையின் எல்லா அடுக்குகளிலும் தேடிப் பார்த்துவிட்டு, "அது முடிஞ்சுபோச்சு, வியாழக்கிழமை வரும்," என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் சந்தேகப்படுகிற தொழில் பழகியவன், வெள்ளைக்காரன் பாடினான் என்றதும் சந்தேகத்தைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அபி, "அந்தக் கசெற் எங்கே அப்பா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

அதைக் கொண்டுதான் விமானம் ஏறினேன். டூட்டிங்கில் ஓர் அறையில் ஐந்து பேர் இருந்த முதல் குளிர்காலம். வீட்டுக்குக் குரலில் ஒரு கடிதம் அனுப்ப நினைத்தேன். அந்தக் காலத்தில் எல்லாரும் கசெற்றில் பேசி அனுப்புவோம். கிறிஸ்மஸ், கடைகள் பூட்டு. கையில் இருந்தது அந்த ஒரு கசெற்தான். மேல் ஓரத்திலுள்ள இரண்டு ஓட்டைகளையும் செலோடேப் ஒட்டி மூடினால், பழையது அழிய அதன் மேலேயே பதியலாம். மூடினேன். நான் நல்ல சுகம், குளிர் பெரிதாக இல்லை, தனி அறை, நல்ல சாப்பாடு என்று முப்பது நிமிடம் பொய் சொன்னேன். அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு வந்த இடப்பெயர்வில் வீட்டோடு போயிற்று.

அபி இதைக் கேட்டுவிட்டு மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். சாட்சியத்தை அழித்தவரே சாட்சியாக வந்தால் எந்த நீதவானும் அடுத்த வழக்குக்குப் போய்விடுவார்.

அடுத்தது பழைய மாணவர் வாட்ஸ்அப் குழு. "ஞானம் அண்ணையின் கதிரைத் தட்டுக் கசெற், முதற் பக்கம், அஞ்சாவது பாட்டு ஆருக்காவது ஞாபகமோ?" என்று போட்டேன். முப்பத்தெட்டுப் பதில்கள். அதில் பதினேழு, ஞானம் அண்ணை யாருக்கு எந்தப் பாட்டை மாற்றிப் பதிந்தார் என்ற பழங்கதை. ஒன்பது, காலை வணக்கம். ரொறன்ரோவிலிருந்து ஒருவன் மட்டும், "ஓம் மச்சான், நல்ல ஞாபகம்!" என்றான். பாடிக் குரலில் அனுப்பு என்றேன். அனுப்பினான். அது ஒரு தமிழ்ச் சினிமாப் பாட்டு.

ஆனால் அதே குழுவில் யாரோ ஒருவர், ஞானம் அண்ணை ஜெர்மனியிலிருந்து மகனோடு லண்டன் வந்து ஏழு வருடமாகிறது, பிளேஸ்டோவில் இருக்கிறார் என்று இலக்கம் தந்தார். ஏழு வருடமாக ஒரே ரயில் பாதையில் இருந்திருக்கிறோம்.

5

விம்பிள்டனில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறினால் பிளேஸ்டோவுக்கு மாறாமல் போகலாம். இருபத்தைந்து தரிப்புக்கு மேல் வரும். நான் கேள்விகளை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனேன். பழக்கம்.

ஞானம் அண்ணைக்கு எழுபத்தைந்து இருக்கும். தலை முழுதாக வெளுத்திருந்தது. கதவைத் திறந்து ஒரு கணம் பார்த்தவர், "பேப்பர்காரத் தம்பி! உந்த மண்டையில இருந்த மயிர் எங்கை?" என்று கேட்டார்.

"லண்டன் தண்ணி, அண்ணை."

"எனக்கு ஜெர்மன் தண்ணி. அங்க கொட்டேல்ல பார்." தலையைத் தடவிக் காட்டினார். "பிலோமினா! ஊர்ப் பெடியன் வந்திருக்கிறான். தேத்தண்ணி!"

அவருடைய மனைவி பிலோமினா அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இருங்கோ தம்பி, ரோல்ஸ் பொரிக்கிறன், சாப்பிட்டுட்டுத்தான் போகவேணும்," என்றார். குரல் கரகரத்து அடைத்துப்போயிருந்தது. தைரொயிட் ஒப்பரேஷன், எட்டு வருடம் என்று அண்ணை தொண்டையைத் தொட்டுச் சொன்னார்.

கடையைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தோம். ஷெல் விழுந்து தட்டுகளோடு உருகிப்போனதைச் சொன்னார். பிறகு நான் விஷயத்துக்கு வந்தேன். கதிரைத் தட்டு, முதற் பக்கம், நான்குக்குப் பிறகு ஐந்தாவதாக நீங்கள் நிரப்பியது யாருடைய பாட்டு?

"அப்பிடி ஒண்டும் இல்லை," என்றார் உடனே. மிக உடனே.

"அண்ணை, நான் அதைப் பற்றி எழுதினனான்."

"அது அவங்கட பாட்டாத்தான் இருக்கும். ஆர் கண்டது." தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். கண்ணால் எனக்கு ஏதோ காட்டினார். எனக்குப் பிடிபடவில்லை. மறுக்கிற சாட்சி என்றுதான் எடுத்துக்கொண்டேன். எனக்கு மூன்றேகால் மணி வேண்டியிருந்தது. ஆகவே பாடினேன். முதல் நான்கு வரி. பிறகு ரயில் சத்தம் வருகிற இடம், மெட்டு மேலே ஏறுகிற இடம்.

"அந்த இடத்தில மேல போகாது."

பிலோமினா அக்கா ரோல்ஸ் தட்டோடு வாசலில் நின்றார்.

"கீழதான் போகும். ரயில் தூரப் போகுதெல்லோ."

தட்டை மேசையில் வைத்தார். கையைத் துடைத்தார். "எங்க கேட்டனீங்கள்?" என்று என்னிடம் கேட்டார். நான் ஞானம் அண்ணையைப் பார்த்தேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்தார். அதில் ஒருவர் வீட்டுக்கூரை பழுதுபார்ப்பது பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ. அழிச்சுப்போட்டன் எண்டு சொன்னனீங்கள்," என்று அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

பதில் துண்டு துண்டாக வந்தது. வந்ததைத் தொகுத்துத் தருகிறேன். பிலோமினா அக்கா அப்போது அவருக்கு மனைவியல்ல. தேவாலயப் பாடகர் குழுவில் தாழ்ந்த குரலில் பாடும் பெண், ஆசிரியப் பயிற்சியில் இருந்தவர். தமையனை மெயில் ரயிலில் அனுப்பிவிட்டு வந்த கிழமை அந்தப் பாட்டை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். ஒரு மத்தியானம் கடையின் பின்னறையில், ஞானம் அண்ணை கிற்றார் வாசிக்க, ஒரே தடவை பாடிப் பதிந்தார்கள். மறுநாளே பயம் பிடித்துவிட்டது. தகப்பன் அறிந்தால் படிப்பு நிற்கும். அழிக்கச் சொன்னார். அழித்துவிட்டேன் என்று இவர் சத்தியம் செய்தார்.

"அழிக்க மனம் வரேல்லை," என்றார் அண்ணை. "வெள்ளைக்காரர்ர வாலில விட்டன். வெள்ளைக்காரன் பாட்டெண்டால் கவனமாக் கேப்பாங்கள். எங்கட பிள்ளை பாடினதெண்டால், 'ஆற்ற பெட்டை?' எண்டுதான் கேப்பாங்கள். பதினொரு கசெற்றில மட்டும் போட்டன். பிறகு எனக்கும் பயம்."

"பதினொரு பேர்," என்றார் அக்கா. "பதினொரு பேர் கேட்டிருக்கினம். எனக்கு ஒராள் சொல்லேல்லை."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானே ஞாயிறுப் பேப்பரில எழுதினது? ஒரு பாட்டைச் சொல்லி, 'எங்கள் இளைஞர் குழுக்களுக்கு இப்படி ஒன்று இந்தப் பிறப்பில் கைவராது. இதைக் கேட்டு அவர்கள் தலைகுனியட்டும்' எண்டு?"

அந்த வரிதான். ஒரு சொல் மாறாமல் சொன்னார்.

"நான்தான் அக்கா."

"நான் அதை வாசிச்சுப்போட்டுக் கிற்றார் பக்கம் போறதையே விட்டனான். எனக்கு ஏலாதெண்டு பேப்பரில போட்டுக் கிடக்குதே."

இருபத்துநான்கு வயதில் ஒரு நல்ல வாக்கியம் வந்து விழுந்தால் அது யார்மேல் விழுகிறது என்று பார்ப்பதில்லை. அந்தப் பாட்டு அவருடையது என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் அரைப் பக்கம் எழுதியிருப்பேனா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். மூன்று வரி எழுதியிருப்பேன். 'வளரும் கலைஞர்' என்று.

"அந்தக் கசெற் இருக்கே?" என்று அக்கா கேட்டார். முதல்தடவையாக அவருடைய முகத்தில் ஓர் அவசரம் தெரிந்தது.

அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. செலோடேப், கிறிஸ்மஸ், முப்பது நிமிடப் பொய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா கதிரையில் இருந்தார். என்னையும் அண்ணையையும் மாறிமாறிப் பார்த்தார். "பாருங்கோ கர்த்தரே," என்றார். "அழிக்கிறன் எண்ட மனுசன் அழிக்கேல்லை. திறம் எண்டு எழுதின மனுசன் அழிச்சுப்போட்டார்."

அண்ணைதான் முதலில் சிரித்தார். அது தவறு. "நீங்கள் சிரியாதேங்கோ!" என்று அக்கா அவருடைய தட்டிலிருந்த ரோலை எடுத்து என் தட்டில் வைத்தார். அன்று அவருக்கு ரோல்ஸ் கிடைக்கவில்லை.

6

நான் ஏன் வந்தேன் என்பதைப் பிறகுதான் சொன்னேன். மீரா, பட்டியல், தாதி சொன்ன முகவரி, நாற்பத்திரண்டு. கேட்டு முடித்ததும் அக்கா, "மகளுக்கு எடுங்கோ," என்றார்.

அபி வேலையில் இருந்தாள். பின்னால் ரசீது அடிக்கும் சத்தம். நான் தொலைபேசியை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினேன். பிலோமினா அக்கா ஆங்கிலத்தில் பேசினார். அது முந்தைய காலத்துக் கன்னியாஸ்திரி மடத்து ஆங்கிலம், ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டது. அந்தப் பாட்டை எழுதியதும் பாடியதும் நான் என்றார். உன் தகப்பனுக்கு ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. மறந்தவர் என் கணவர், ஒரு கசெற்றை அழிக்க மறந்தவர் என்றார்.

அபி ஒரு கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு மெதுவாக, "அன்ரி, அதைக் கொஞ்சம் பாடிக் காட்டுவீர்களா?" என்று கேட்டாள்.

மகள் நம்பவில்லை என்று எனக்குப் பட்டது. நான் வாய் திறக்கப் போனேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாட ஏலாது பிள்ளை," என்றார். இதைத் தமிழில் சொன்னார். "தொண்டையில வெட்டினவை. உங்கட அப்பா பாடுவார். ஓரிடத்தில பிழைவிடுறார். சொல்லிக் குடுத்திருக்கிறன்."

மறுமுனையில் அபி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளா, சளித் தடிமனா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பிறகு அவள் தமிழில் பேசினாள். எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை. "அப்பா. புதன்கிழமை. மூண்டேகால். பிந்தக்கூடாது."

"சரி."

"கிளினிக் லெட்டர் வந்தால் போகவேணும். அது வேற."

"ஓம். அது வேற."

அது வேறுதான். இந்தக் குறிப்பை வாசித்துவிட்டு, மனிதர் தப்பினார் என்று யாரும் எண்ணவேண்டாம். பாட்டு இருந்தது, அது உண்மை. நாற்பத்திரண்டை இருபத்துநான்கு என்றதும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதை அடிக்க முடியாது. அக்கா பேர் போட்டு எழுதச் சொன்னார். நான்தான் இருவருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஆனால் ஞாயிறு இதழை அன்று வாசித்தவர்கள் யாராவது இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளட்டும்: அந்தப் பாட்டு எங்கள் ஊரில், சந்தைக்குப் பின்னால், ஒரு மத்தியானத்தில் பிறந்தது. பாடியவர் ஒரு பெண். தலைகுனிய வேண்டியவர் அந்த அரைப் பக்கத்தை எழுதியவர்.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம் குறைவு. வாய்க்குள் பாடிப் பார்த்தேன். ரயில் சத்தம் வருகிற இடத்தில் அக்கா சொன்னபடி கீழே இறங்க முயன்றேன். மேலேதான் போயிற்று. மறுபடி முயன்றேன். மேலே. நாற்பது வருடமாக அது மேலேதான் போயிருக்கிறது. கசெற்றில் அப்படித்தான் இருந்தது என்று சத்தியம் செய்வேன். அவர் பாடியவர், அவரும் சத்தியம் செய்வார். சரிபார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

எர்ல்ஸ் கோர்ட் தாண்டியதும் எதிரில் இருந்த பெண் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். சத்தமாகப் பாடிவிட்டேன் போலும். மன்னிப்புக் கேட்டேன். விம்பிள்டன் வர இன்னும் எட்டுத் தரிப்பு இருந்தது; வாய்க்குள் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.